ஜாவா 8-லிருந்து எங்கே போவது: இருந்துவிடலாமா, ஏறலாமா, தாவலாமா?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சில்க் போர்டில் பஸ் நகராமல் நின்றபோது ஒரு வாய்ஸ் நோட் வந்தது. முன்பு என் டீமில் இருந்த தம்பி, சேலத்துக்காரன், இப்போது எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய பேமென்ட் சிஸ்டத்தில் இருக்கிறான். "அண்ணா, பதினெட்டு லட்சம் வரி கோட், எல்லாம் ஜாவா எட்டு. மேனேஜர் நேரா இருபத்தொண்ணுக்குப் போயிடலாம்ங்கிறார். ஆர்க்கிடெக்ட் படிப்படியாத்தான் போகணும்ங்கிறார். டெலிவரி மேடம் ஓடுறதை ஏன் தொடுறீங்கன்னு கேக்குறாங்க. நான் யார் பக்கம்ணா பேசுறது?"

இந்த வருடம் இதே கேள்வியைக் கேட்ட மூன்றாவது ஆள் அவன். அட்டிபெலே தாண்டுவதற்குள் பதில் அடித்துவிடலாம் என்று தொடங்கினேன், ஓசூர் வந்தும் முடியவில்லை. அதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே போடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

"மைக்ரேஷன்" என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே, அதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று, எந்த ஜேவிஎம்மில், அதாவது கோடை ஓட்டும் ரன்டைமில், ஓடுகிறது. இரண்டு, எழுதிய கோடை எந்த ஜாவா வெர்ஷனுக்கு கம்பைல் செய்கிறோம், அதாவது ஜேவிஎம் ஓட்டும் வடிவுக்கு மாற்றுகிறோம். மூன்று, ஸ்ப்ரிங், ஹைபர்னேட், டாம்கேட் மாதிரி கூட இருக்கும் ஃப்ரேம்வொர்க், லைப்ரரி, சர்வர் எல்லாம் எந்த வெர்ஷன். மீட்டிங்கில் நடக்கும் சண்டையில் பாதி, மூன்று பேர் மூன்று வேலைகளை மனதில் வைத்துக்கொண்டு ஒரே வார்த்தையால் அடித்துக்கொள்வதுதான்.

என் முதல் அளவுகோல், போட்ட ராத்திரியே பழைய நிலைக்குத் திரும்பி வர முடியுமா என்பது. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம். உடைந்தால் நமக்கு யார் சொல்வார்கள், டெஸ்ட்டா, வாடிக்கையாளரா? வெளி லைப்ரரிகள் எவ்வளவு பழையவை? பணம் எங்கே போகிறது, லைசென்ஸிலா, கிளவுட் பில்லிலா, ஆட்களிலா? எத்தனை மாதம், யார் யார், அந்த மாதங்களில் புது ஃபீச்சர் கேட்பவர்களை யார் சமாளிப்பது?

பஸ்ஸில் நின்றபடி படிக்கிறவர்களுக்காக ஒரு அட்டவணை:

| வழி | ஒரே ராத்திரியில் திரும்பலாமா | வெளியே தெரியாத செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| 8-லேயே இருப்பது | கேள்வியே இல்லை | லைப்ரரி ஓட்டைகள், லைசென்ஸ், ஆட்கள் போவது | இரண்டு மூன்று வருடத்தில் மூடப்போகும் சிஸ்டம் |
| 11, 17, 21 என்று படிப்படியாக | ஒவ்வொரு படியிலும் ஆம் | முழு டெஸ்ட் மூன்று முறை | டெஸ்ட் குறைவு, பயம் அதிகம் |
| ரன்டைம் மட்டும் 17 | ஆம், சுலபமாக | பாதியிலேயே நின்றுவிடும் ஆபத்து | பெரும்பாலான பெரிய பழைய கோட் |
| 21-உம் புது ஃப்ரேம்வொர்க்கும் சேர்த்து | கஷ்டம் | நீண்ட நாள் தனி பிராஞ்ச், மெர்ஜ் தலைவலி | சின்ன சர்வீஸ், நல்ல டெஸ்ட் |
| புதிதாக எழுதுவது | இல்லை | சொல்லி முடியாது | அபூர்வம் |

## 8-லேயே இருப்பது

இதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். 2014 மார்ச்சில் வந்த ஜாவா 8-க்கு இன்றும் செக்யூரிட்டி அப்டேட் வருகிறது. டெமுரின், கொரெட்டோ, ஜூலு என்று இலவச பில்ட்கள் இருக்கின்றன. ஆரக்கிளே காசு கட்டுபவர்களுக்கு 2030 டிசம்பர் வரை ஆதரவு தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே "8 செத்துப்போச்சு" என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

ஆனால் "நாங்கள் 8-ல் இருக்கிறோம்" என்பவர்களிடம், 8-ல் எந்த அப்டேட் என்று கேட்டுப் பாருங்கள். நிறைய இடங்களில் பதில் 202. அது 2019 ஜனவரியில் வந்தது, கம்பெனிகள் ஆரக்கிள் பில்ட்டை இலவசமாக எடுத்துக்கொள்ள முடிந்த கடைசி அப்டேட். அதற்கடுத்து ஏப்ரலில் வந்ததிலிருந்து லைசென்ஸ் மாறியது. "லைசென்ஸ் பிரச்சினை வேண்டாம்" என்று அன்றைக்கு நிறுத்தியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அதாவது அத்தனை வருடப் பேட்ச்கள் இல்லாமல் ஓடுகிறது. இவர்களுக்கு முதல் வேலை 17 அல்ல. ஏதாவது ஒரு இலவச பில்ட்டின் புதிய 8-க்கு மாறுவது, அதுவும் இந்த மாதமே. அங்கேயே ஒரு அடி விழும்: 2021 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து டிஎல்எஸ் (நெட்வொர்க்கில் போவதைப் பூட்டி அனுப்பும் முறை) 1.0, 1.1 இரண்டும் இயல்பாகவே அணைக்கப்பட்டுவிட்டன. எதிர்முனையில் ஏதோ ஒரு பழைய சர்வர் அதை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் கனெக்‌ஷன் விழும். அந்த அடி இன்றைக்கே தனியாக விழட்டும், 17-க்குப் போகும் ராத்திரியில் இருபது பிரச்சினைகளோடு கலந்து விழவேண்டாம்.

லைசென்ஸ் பற்றி இன்னொன்று. 2023 ஜனவரியிலிருந்து ஆரக்கிளின் ஜாவா சந்தா, சர்வர் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, கம்பெனியின் மொத்த ஊழியர்களை எண்ணுகிறது. 999 பேர் வரை உள்ள இடத்துக்குப் பட்டியல் விலை ஆளுக்கு மாதம் 15 டாலர். ஐந்நூறு பேர் இருந்தால் மாதம் 7,500 டாலர், ஜாவா ஓடுவது நாலே நாலு சர்வராக இருந்தாலும். எச்ஆரில் இருப்பவருக்கும் கணக்கு உண்டு. 17-ஐ இலவசம் என்று ஆரக்கிள் தளத்தில் இறக்கிக்கொண்டவர்களும் கவனிக்கவேண்டும், அந்த இலவச அப்டேட் 2024 செப்டம்பரோடு முடிந்தது.

8-ல் இருப்பதன் உண்மையான விலை ஜேவிஎம்மில் இல்லை, லைப்ரரியில் இருக்கிறது. ஸ்ப்ரிங் பூட் 3 (2022 நவம்பர்) குறைந்தது 17 கேட்கிறது. 8-ல் ஓடும் கடைசி வரிசையான 2.7-க்கு இலவச ஆதரவு 2023 நவம்பரில் முடிந்தது. அதில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தால் பேட்ச் வாங்கக் காசு கட்டவேண்டும், இல்லையென்றால் நாமே ஒட்டுப்போடவேண்டும். ஆடிட் வரும்போது ரிப்போர்ட்டில் சிவப்பு வரி ஏறிக்கொண்டே போகும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்னும் லாகிங் லைப்ரரியில் ஓட்டை வந்தபோது ராத்திரி விழித்திருந்தவர்களுக்கு இது புரியும்.

சிஸ்டத்தையே 2027-ல் மூடப்போகிறார்கள் என்று எழுத்தில் இருந்தால், புதிய 8 அப்டேட்டைப் போட்டுவிட்டு இருங்கள். எழுத்தில் என்று சொன்னதைக் கவனியுங்கள். "அடுத்த வருஷம் ரிடயர் பண்ணிடுவோம்" என்று ஏழு வருடமாகச் சொல்லப்படும் சிஸ்டம் ஒன்றை எனக்குத் தெரியும்.

## 11, 17, 21 என்று ஒவ்வொரு படியாக

ஆர்க்கிடெக்ட் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எந்த மாற்றத்தால் உடைந்தது என்று தெரியும். 11-ல் (2018 செப்டம்பர்) எக்ஸ்எம்எல்லை ஆப்ஜெக்டாக மாற்றும் ஜேஏஎக்ஸ்பி (JAXB), சோப் வெப் சர்வீஸ் பகுதி, கோர்பா எல்லாம் ஜேடிகே என்னும் ஜாவா தொகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்டன. 14-ல் சிஎம்எஸ் கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத மெமரியைத் துப்புரவு செய்வது) போனது. 15-ல் நாஷார்ன் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் போனது. வட்டிக் கணக்கு விதிகளை அதில் எழுதிவைத்த புண்ணியவான்கள் இருக்கிறார்கள். 17-ல் ஜேடிகேயின் உள் வகுப்புகளை ரிஃப்ளெக்‌ஷனால் எட்டிப்பார்ப்பது அடைக்கப்பட்டது. 18-ல் இயல்பு எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 ஆனது.

ஒவ்வொரு படியிலும் ப்ரொடக்‌ஷனில் போட்டு, முழு ரிக்ரெஷன் ஓட்டி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவதென்றால் மூன்று மைக்ரேஷன்களுக்கான செலவு. பெங்களூரில் வீடு மாறும்போது ஒரு மாதம் இரண்டு வீட்டுக்கும் வாடகை கட்டுவோமே, அதை மூன்று முறை செய்வது. டெஸ்ட் கையால் ஓட்டும் இடமாக இருந்தால் இரண்டாவது படியிலேயே க்யூஏ ஆட்கள் உங்களைப் பார்த்தால் வேறு லிஃப்டில் ஏறுவார்கள்.

ஆனாலும் 11-க்கு ஒரு நல்ல பயன் இருக்கிறது, பலர் இதைத் தவறவிடுகிறார்கள். 9 முதல் 16 வரை "இல்லீகல்-ஆக்செஸ்" என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. அதை "வார்ன்" என்று வைத்து 11-ல் ஓட்டினால், எந்த லைப்ரரி எந்த உள் வகுப்பைத் தொடுகிறது என்று ஒவ்வொன்றையும் லாகில் எழுதும், ஆனால் எதையும் தடுக்காது. 17-ல் அந்த ஸ்விட்ச்சே இல்லை, நேரே எக்செப்ஷன்தான். ஆகவே டெஸ்ட் சூழலில் இரண்டு மூன்று வாரம் 11-ஐ ஓட்டி, மாதக் கடைசி ஜாப்கள் உட்பட எல்லாவற்றையும் ஒரு சுற்று விட்டு, அந்த லாகைச் சேகரியுங்கள். ப்ரொடக்‌ஷனில் 11-ல் குடியேற வேண்டியதில்லை, எக்ஸ்ரே எடுக்கப் போகும் இடம் அது.

## ரன்டைம் மட்டும் 17, மற்றதெல்லாம் பிறகு

தம்பிக்கு நான் சொன்னது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நீளமாகப் பேசுகிறேன்.

கம்பைல் செய்வது 8-லேயே இருக்கட்டும். ஃப்ரேம்வொர்க்கை மட்டும் 8-லும் 17-லும் ஓடக்கூடிய கடைசி வெர்ஷனுக்குக் கொண்டுவாருங்கள், ஸ்ப்ரிங் பூட் என்றால் 2.7. ஜேஏஎக்ஸ்பி மாதிரி காணாமல் போனவற்றைச் சாதாரண டிபென்டென்சியாகச் சேர்த்துவிட்டால் 8-லும் பாதகமில்லை. இப்போது உங்களிடம் இருப்பது ஒரே ஜார் (கம்பைல் ஆன கோடின் பொதி), இரண்டு ஜேவிஎம்மிலும் ஓடும். பத்து சர்வரில் ஒன்றை மட்டும் 17-க்கு மாற்றி ஒரு வாரம் பார்க்கலாம். பிடிக்கவில்லையா, ஜாவா ஹோம் பாதையைப் பழையபடி மாற்றி ரீஸ்டார்ட். திரும்பி வருவது என்றால் இவ்வளவு சுலபமாக இருக்கவேண்டும்.

8-க்கே கம்பைல் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு, இது கொஞ்சம் நுணுக்கம். செஷனையோ கேஷையோ ஜாவா சீரியலைசேஷனில் (ஆப்ஜெக்டை பைட்டுகளாக மாற்றி வைப்பது) சேமிக்கிறீர்கள், கிளாஸில் சீரியல் எண்ணை யாரும் எழுதிவைக்கவில்லை என்றால், அந்த எண்ணை கிளாஸின் உறுப்புகளிலிருந்து ஜேவிஎம்மே கணக்கிடுகிறது. 11-க்கோ அதற்கு மேலான வெர்ஷனுக்கோ கம்பைல் செய்தால், உள் கிளாஸ்கள் ஒன்றையொன்று தொடுவதற்காக கம்பைலர் முன்பு ரகசியமாகச் செருகிய மெத்தட்கள் காணாமல் போகின்றன. கணக்கு மாறும், எண் மாறும், புது சர்வர் எழுதியதைப் பழைய சர்வர் படிக்க மறுக்கும். சோர்ஸில் ஒரு எழுத்தும் மாறவில்லை, ஆனால் ரோல்பேக் செய்தவுடன் எல்லாரும் லாக்அவுட். 8-க்கே கம்பைல் செய்தால் இந்த வம்பு இல்லை.

உடையப்போவது பெரும்பாலும் கோட் இல்லை, கோடைச் சுற்றி இருப்பவை. நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் மூன்று மாதம் டெஸ்ட் செய்து, சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்குப் போட்டோம், ஜேவிஎம் எழும்பவே இல்லை. காரணம் ஸ்டார்ட் ஸ்கிரிப்ட். அதில் சிஎம்எஸ் கலெக்டருக்கான ஸ்விட்ச்சும் பழைய ஜிசி (கார்பேஜ் கலெக்டர்) லாக் ஸ்விட்ச்களும் இருந்தன. 17-க்கு அவை என்னவென்றே தெரியாது, தெரியாத ஸ்விட்ச் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த ஸ்கிரிப்ட் கோட் வைக்கும் கிட்டில் (Git) இல்லை, சர்வரில் மட்டும் இருந்தது. யாரோ 2016-ல் எழுதியது, எழுதியவர் இப்போது கனடாவில்.

அதைவிட மோசமானது அதே வருடம் செப்டம்பர் ஒன்றாம் தேதி நடந்தது. எதிர்முனைக்கு அனுப்பும் ஃபைலில் தேதியை நாள், மூன்றெழுத்து மாதம், வருடம் என்று போடுவோம், லொக்கேல், அதாவது மொழி-நாட்டு வழக்கு அமைப்பு, பிரிட்டிஷ் ஆங்கிலம். 9-லிருந்து ஜாவா, தேதி வடிவங்களுக்கு சிஎல்டிஆர் என்னும் பொதுத் தரவை எடுத்துக்கொள்கிறது. 16-ல் வந்த தரவில் பிரிட்டிஷ் செப்டம்பரின் சுருக்கம் மூன்று எழுத்திலிருந்து நான்கு எழுத்தாகிவிட்டது. ஜூனில் போட்டோம், ஜூலை ஓடியது, ஆகஸ்ட் ஓடியது. செப்டம்பர் பிறந்ததும் எல்லா ஃபைலும் திரும்பி வந்தது. எந்த டெஸ்ட் டேட்டாவிலும் செப்டம்பர் இல்லை! 17-க்குப் போகிறவர்கள் தேதியை எழுத்தாக்கும் இடங்களைத் தேடி, பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரு டெஸ்ட் போட்டுவிடுங்கள். தற்காலிகமாகப் பழைய தரவையே பயன்படுத்து என்று சொல்ல ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, ஆனால் 23-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

லாபம் என்ன? கோடைத் தொடாமலே ஜி1 கலெக்டர் மேம்பாடுகள் கிடைக்கும். 9-லிருந்து ஆங்கில எழுத்து மட்டும் உள்ள ஸ்ட்ரிங்குகள் எழுத்துக்கு ஒரு பைட்டில் அடங்குவதால் மெமரி நன்றாகக் குறையும். (ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் அந்த ஸ்ட்ரிங் முழுவதும் பழையபடி இரண்டு பைட். நம் பெயர்கள் எப்போதும் கொஞ்சம் காஸ்ட்லிதான்.)

இந்த வழியின் ஆபத்து டெக்னிகல் இல்லை. ரன்டைம் மாறியதும் "மைக்ரேஷன் முடிஞ்சது" என்று மேலே ஒரு மெயில் போகும், பட்ஜெட் மூடப்படும், 2.7 அப்படியே அநாதையாக நிற்கும். 17-ல் ஓடும் பழைய ஃப்ரேம்வொர்க் ஒரு பாலம், அதில் குடித்தனம் போடக்கூடாது. உள் வகுப்புகளைத் திறந்துவிடும் "ஆட்-ஓப்பன்ஸ்" வரிகளும் அப்படித்தான். அவசரத்துக்கு நாலு போடலாம். நாற்பது இருந்தால் எந்த லைப்ரரியால் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதிவையுங்கள், இல்லையென்றால் அடுத்த தலைமுறை அதைத் தொடவே பயப்படும்.

## 21-உம் புது ஃப்ரேம்வொர்க்கும் ஒரே தாவலில்

மேனேஜரின் கணக்கு, எப்படியும் போகவேண்டியது, ஒரே வலியாகப் போகட்டும். பத்தாயிரம் வரி சர்வீஸ், டேட்டாவைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாதது, தானாக ஓடும் டெஸ்ட் உண்டு என்றால் அவர் சொல்வது சரி. ஒரு வாரத்தில் முடியும், படிப்படியாகப் போவதுதான் அங்கே வீண்.

பதினெட்டு லட்சம் வரிக்கு அது பொருந்தாது. ஸ்ப்ரிங் பூட் 3 என்றால் கூடவே ஜாவாக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா ஆகவேண்டும். ஃபைண்ட் ரிப்ளேஸ்தானே என்று தோன்றும், அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். சர்வ்லெட், பெர்சிஸ்டென்ஸ், வேலிடேஷன் மாறும். எஸ்க்யூஎல், கிரிப்டோ, நேமிங் மாறாது, அவை ஜேடிகேயின் சொந்தப் பிள்ளைகள். டிரான்ஸாக்‌ஷன் மாறும், அதற்குள்ளேயே இருக்கும் எக்ஸ்ஏ மாறாது. ஓப்பன்ரீரைட் மாதிரி கருவி இந்த வேறுபாடு தெரிந்து மாற்றும், அதை விடுங்கள். எக்ஸ்எம்எல்லிலும் ஸ்ட்ரிங்கிலும் எழுதிவைத்த கிளாஸ் பெயர்களைப் பிறகு கையால் தேடுங்கள். உங்கள் கம்பெனிக்குள்ளேயே வேறு டீம் தரும் ஜார் இன்னும் ஜாவாக்ஸில் இருந்தால், அவர்கள் மாறும்வரை நீங்கள் நகர முடியாது. இதை முதல் வாரத்திலேயே விசாரியுங்கள், அநேகமாக உங்கள் தேதியைத் தீர்மானிக்கப்போவது அந்த டீம்தான்.

இதெல்லாம் நடக்கும் ஆறு மாதமும் மெயின் பிராஞ்சில் மற்றவர்கள் கோட் போட்டுக்கொண்டே இருப்பார்கள். தினமும் மெர்ஜ் செய்ய ஒருவர் தனியாக வேண்டும். அவர் பாவம்.

21-க்குப் போகச் சொல்பவர்கள் விர்ச்சுவல் த்ரெட்டை (சில உண்மையான த்ரெட்கள்மேல் ஏராளமாக ஓடும் இலேசான த்ரெட்) காட்டி ஆசை மூட்டுவார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் 21-ல் சிங்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையும் பகுதி) நின்று காத்திருந்தால் கீழே இருக்கும் உண்மையான த்ரெட்டும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும், இதைச் சரிசெய்தது 24-ல். பழைய கோடிலும் பழைய டேட்டாபேஸ் டிரைவரிலும் சிங்க்ரனைஸ்டுக்குப் பஞ்சமே இல்லை. இன்னொன்று, உங்கள் இருநூறு த்ரெட் பூல் யாருக்கும் தெரியாமல் டேட்டாபேஸுக்குக் காவல்காரனாக இருந்தது. அதை எடுத்துவிட்டால் கூட்டம் முழுவதும் கனெக்‌ஷன் பூல் வாசலில் நிற்கும்.

21-க்கு உரிய தேதித் தொல்லையும் ஒன்று உண்டு. 20-லிருந்து, அமெரிக்க ஆங்கில லொக்கேலின் தயார் வடிவத்தில் நேரத்தை எழுதும்போது ஏஎம், பிஎம் முன்னால் வருவது சாதாரண இடைவெளி இல்லை, குறுகிய வேறு ஒரு இடைவெளி எழுத்து. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். அதைப் படிக்கும் பழைய புரோகிராமுக்குத் தெரியாது.

## புதிதாக எழுதுவது

யாராவது இதைச் சொன்னால் டீ வாங்கிக்கொடுத்து உட்காரவையுங்கள். பழைய கோடில் அசிங்கமாக இருக்கும் ஒவ்வொரு இஃப்-க்குப் பின்னாலும் ஒரு வாடிக்கையாளரின் புகார் இருக்கிறது, அது எந்த டாக்குமென்டிலும் இல்லை. ஸ்ட்ரட்ஸ் 1 என்னும் பழைய வெப் ஃப்ரேம்வொர்க்கில் (2013-லேயே ஆதரவு முடிந்தது) நிற்கும் திரைகள், ஆப்லெட் மாதிரி போகிற வழியே இல்லாதவை, சோர்ஸ் தொலைந்துபோன ஜார்கள், இவற்றை மட்டும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து எழுதலாம். முழுவதையும் வேண்டாம்.

## எப்போது

தீபாவளிக்கு முந்தின மாதம் பேமென்ட் சிஸ்டத்தில் யாரும் கைவைக்க விடமாட்டார்கள், மார்ச் கடைசியும் அப்படித்தான். பொங்கல் முடிந்து டீமில் பாதிப் பேர் ஊரிலிருந்து திரும்பிய பிறகு, பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரே ஒரு சர்வரில். வெள்ளிக்கிழமை ராத்திரி வேண்டவே வேண்டாம். சேலம் பஸ்ஸில் தர்மபுரி தாண்டும்போது லேப்டாப் திறந்து ஹாட்ஸ்பாட் தேடியவன் சொல்கிறேன்.

இதையெல்லாம் தம்பிக்கு அனுப்பியபோது மணி பதினொன்று. மறுநாள் காலையில் ஒரு வரிதான் பதில் வந்தது: "அண்ணா, சர்வர்ல வெர்ஷன் போட்டுப் பாத்தேன். 202."

சரி, அப்படியென்றால் மேனேஜரிடம் இருபத்தொன்றைப் பற்றி இப்போதைக்குப் பேசாதே, எதிர்முனைகளில் யார் யார் இன்னும் டிஎல்எஸ் 1.0 பேசுகிறார்கள் என்று ஒரு பட்டியல் எடு என்று சொல்லியிருக்கிறேன்.